பாறையில் விடுபட்ட காலமும் புதைந்த மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலைநிலப் பாறை அடுக்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. புவியியல் மாணவர்கள் கேட்கிறார்கள். கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள கொலராடோ மேட்டுநிலத்தைச் சேர்ந்தவை. அங்கே செடிகொடி மூடாமல் பாறை வெட்டவெளியாகக் கிடப்பதால், சொல்வதைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அன்கன்ஃபார்மிட்டி, அன்கன்ஃபார்மிட்டின்னு சொல்றாங்களே, பாறையில விரிசல் விட்ட இடமா அது?

இல்லை. விரிசல் என்பது பாறை உருவான பிறகு உடைந்த இடம். இது இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் பரப்பு. கீழே உள்ள அடுக்குக்கும் மேலே உள்ளதற்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருக்கும். நடுவில் இருந்திருக்க வேண்டிய காலத்துக்குப் பாறையே இருக்காது. இந்தப் பக்கத்தில் இதைப் படிவு முறிவு அல்லது வெறுமனே முறிவு என்று எழுதுகிறேன்.

கீழ் அடுக்கு சாய்ஞ்சு, மேல் அடுக்கு படுத்த மாதிரி இருந்தாத்தானே முறிவு?

அது ஒரு வகை மட்டுமே. கோண முறிவு என்பார்கள். புவியியல் முன்னோடி ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கர் முனையில் கண்டது அதுதான். ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், சைலூரியன் காலத்து (ஏறத்தாழ 44 முதல் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்) அடுக்குகளின் தலையை வெட்டிவிட்டு, அவற்றின்மேல் அதற்கு அடுத்த டெவோனியன் காலத்துச் சிவப்பு மணற்பாறை லேசான சாய்வில் படிந்திருக்கிறது. கீழே உள்ளது படிந்து, இறுகி, மடிந்து, எழும்பி, தேய்ந்த பிறகுதான் மேலே உள்ளது வந்திருக்க முடியும். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளில் அடங்காது என்பதற்கு ஹட்டன் காட்டிய மிக வலுவான சான்று அது.

மற்ற இரண்டு வகைகளையும் கிராண்ட் கேன்யனில் பார்க்கலாம். ஏறத்தாழ 175 கோடி ஆண்டுப் பழமையான விஷ்ணு உருமாற்றப் பாறையின்மேல் டபீட்ஸ் மணற்பாறை நேரடியாக உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு வகை: கீழே படிவுப் பாறையே கிடையாது. அதற்கு மேலே, முவாவ் சுண்ணாம்புக்கல்லும் ரெட்வால் சுண்ணாம்புக்கல்லும் சந்திக்கும் இடம் இன்னொரு வகை. இரண்டும் இணையாகக் கிடக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவே ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் இல்லை. என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ளத் தகுந்தது இந்தக் கடைசி வகைதான். கோண முறிவை யாரும் தவறவிடமாட்டார்கள்.

விடுபட்ட காலத்துல படிவே விழலையா, இல்ல விழுந்து அழிஞ்சு போச்சா?

பெரும்பாலும் இரண்டும்தான். கிராண்ட் கேன்யனிலேயே இதற்கு அழகான சான்று இருக்கிறது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் விஷ்ணு பாறைக்கும் டபீட்ஸுக்கும் இடையே 120 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வெறுமை. ஜான் வெஸ்லி பவல் 1869இல் கொலராடோ ஆற்றில் படகில் போனபோது கவனித்தது இதை. இன்று மாபெரும் படிவு முறிவு என்று அழைக்கப்படுகிறது. ஆனால் கிழக்குப் பகுதியில், அதே இடைவெளிக்குள், சாய்ந்த நிலையில் கிராண்ட் கேன்யன் தொகுதிப் பாறைகள் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 125 கோடியிலிருந்து 73 கோடி ஆண்டு வரை.

அதாவது, அந்த நீண்ட காலத்தில் அங்கே படிவு விழுந்துதான் இருக்கிறது. பிளவுகளை ஒட்டிக் கீழே இறங்கிய துண்டுகளில் மட்டும் அது தப்பித்தது. மற்ற இடங்களில் அரிப்பு சுரண்டிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு பாறை எப்போது, எதனால் தேய்ந்தது என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. உலகளாவிய பனியுறைவுக் காலத்தின் பனியாறுகள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ரோடினியா என்ற பெருங்கண்டம் உருவாகி உடைந்தபோது நிலம் எழும்பியதே காரணம் என்கிறது இன்னொரு தரப்பு. முறிவு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் ஏற்பட்டிருக்க வேண்டியதும் இல்லை.

தொல்மண்ணுன்னா பழைய சேறு, பழைய மணல், அவ்வளவுதானே?

சேறும் மணலும் எங்கிருந்தோ வந்து விழுந்த படிவு. மண் என்பது விழுந்த இடத்திலேயே மாறிய பொருள். படிவு வருவது நின்று, நிலப்பரப்பு வெயிலுக்கும் மழைக்கும் வேருக்கும் புழுவுக்கும் நெடுநாள் திறந்து கிடந்தால்தான் மண் உருவாகும். மேலிருந்து களிமண்ணும் சுண்ணாம்பும் கீழே இறங்கித் தங்கும், இரும்பு துருப்பிடிக்கும், பழைய வரிவரியான படிவு கலைந்துபோகும். பிறகு அதன்மேல் புதிய படிவு வந்து மூடி, எல்லாம் இறுகிப் பாறையானால் அது தொல்மண்.

படிவு முறிவையும் தொல்மண்ணையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான். முறிவில் வெறும் இடைவெளியாகத் தெரியும் காலம், தொல்மண்ணில் தன் வேலையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த இடைவேளையில் மழை எப்படி இருந்தது, செடி இருந்ததா, நீர் வடிந்ததா தேங்கியதா என்பதற்கெல்லாம் விடை அதிலிருந்து கிடைக்கும்.

ஒரு கல்லைப் பார்த்து "இது ஒரு காலத்துல மண்ணா இருந்துச்சு"ன்னு எப்படிச் சொல்றீங்க?

மூன்று சான்றுகளைத் தேடுவோம்: வேர்த்தடம், மண்படலங்கள், மண்ணுக்கே உரிய கட்டமைப்பு. ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. வேர்த்தடம் கீழே போகப் போக மெலியும், கிளைவிடும். புழு துளைத்த வளை அப்படி மெலியாது. சிவந்த பாறையில் வேர்த்தடத்தைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு விளிம்பு இருப்பதுண்டு. வேர் மட்கும்போது சுற்றியிருந்த ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து வெளியேறியதன் அடையாளம் அது.

மண்படலம் என்றால், அடுக்கின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். கீழ்ப்பக்கம் மட்டும் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்லக் கலைந்து, வரிபோட்ட சாதாரணப் படிவாக மாறும். மேலே கூர்மை, கீழே மங்கல் என்ற இந்த வேறுபாட்டைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். படிவு அடுக்கில் பெரும்பாலும் அடிப்பக்கக் கோடுதான் கூர்மையாக இருக்கும்.

கட்டமைப்பைப் பார்க்க ஒரு துண்டைக் கையில் எடுத்து உடைக்க வேண்டும். தொல்மண் தட்டையாகப் பிளக்காமல் கோணல்மாணலான சிறு கட்டிகளாக உதிரும். அந்தக் கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசியது போன்ற மெல்லிய களிமண் பூச்சு மின்னும். கை லென்ஸ் வைத்தால் தெளிவாகத் தெரியும். கரிசல் மண்ணைப்போல ஈரத்தில் உப்பிக் காய்ந்ததும் வெடித்த மண்ணாக இருந்தால், கட்டிகள் ஒன்றோடொன்று உரசியதால் வழவழப்பான, கீறல் விழுந்த சாய்வுப் பரப்புகள் அகப்படும். ஒரு எச்சரிக்கை: வேரூன்றிய தாவரங்கள் நிலத்தில் பரவியது டெவோனியன் காலத்தில்தான். அதற்கு முந்திய தொல்மண்ணில் வேரைத் தேடிப் பயனில்லை. மற்ற இரண்டையும் ரசாயனச் சோதனையையும் நம்ப வேண்டும்.

சிவப்பா இருந்தா தொல்மண். சிவப்பா இருந்தா பாலைவனம். சரிதானே சார்?

இரண்டும் சரியில்லை. சிவப்புக்குக் காரணம் ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம். அது மண் உருவாகும்போதே வரலாம்; புதைந்த பிறகு, பாறைக்குள் இருக்கும் இரும்புள்ள கனிமங்கள் மெல்லச் சிதைந்தும் வரலாம். தியோடர் வாக்கர் 1960களில் பாஹா கலிபோர்னியாவின் இளம் படிவுகளை ஆராய்ந்து இந்தப் பிந்திய சிவப்பேற்றத்தைக் காட்டினார். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் மேலே சொன்ன மூன்று சான்றுகளுக்குப் பிறகே அதற்கு இடம் கொடுங்கள்.

இன்னிக்குப் பாலைவனமா இருக்கிற இடத்துல, பாறைக்குள்ள மட்டும் மண்ணு எப்படி வந்துச்சு?

இன்று பாலையாக இருப்பதால் அன்றும் பாலையாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது மிகப் பரவலான குழப்பம். அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் வண்ண வண்ணமாகத் தெரியும் சின்லே பாறைகள் டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 22 கோடியிலிருந்து 21 கோடி ஆண்டுகளுக்கு முன், பெரிய ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் படிந்தவை. அப்போது அந்த நிலம் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருந்தது. பருவமழை பெய்தது, பெரிய மரங்கள் வளர்ந்தன. கல்லாக மாறிக் கிடக்கும் அடிமரங்கள் அவைதான். அங்கே கண்ணைப் பறிக்கும் ஊதா, சிவப்பு, சாம்பல் பட்டைகளில் பல தொல்மண்களே.

அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் ஒரு கதை வருகிறது. கீழே ப்ளூ மேசா பகுதியில் நீர் தேங்கிய மண்ணின் சாம்பலும் ஊதாவும் அதிகம். மேலே ஆவல் ராக் பகுதிக்கு வரும்போது சுண்ணாம்பு முடிச்சுகள் நிறைந்த, வறட்சிக்குரிய மண் கூடுகிறது. அதற்கும் மேலே, ஜுராசிக் காலத்தில், விங்கேட், நவாஹோ என்று உண்மையான மணற்பாலைகள் வந்துவிடுகின்றன. நிலம் காய்ந்ததை ஒரு படியும் விடாமல் மண் குறித்து வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சரி, நிஜமான பாலைவனத்துல மண்ணு உருவாகுமா?

உருவாகும், மெதுவாக. காற்று கொண்டுவரும் தூசுதான் அங்கே முக்கிய மூலப்பொருள். தூசு கற்களுக்கிடையே இறங்கி, கற்கள் மேலே ஒரு தளம்போல் நெருங்கி நிற்க, அதற்குக் கீழே நுண்துளை நிறைந்த மெல்லிய தூசுப் படலம் உண்டாகிறது. தூசில் உள்ள சுண்ணாம்பை அரிதாகப் பெய்யும் மழை கரைத்துச் சற்றுக் கீழே இறக்குகிறது. அந்த ஈரம் ஆவியானதும் சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இதுதான் சுக்கான் கல். இன்னும் வறண்ட இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சமும் உப்பும் தங்கும். தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலையில் நைட்ரேட் உப்புகூடச் சேர்ந்திருக்கிறது.

சுக்கான் அடுக்கின் தடிமனை வைத்து எத்தனை ஆண்டு என்று சொல்லலாமா?

தடிமனைவிட அது எந்த நிலையை எட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் பகுதியில் பாலை மண்ணை ஆராய்ந்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் 1966இல் நான்கு நிலைகளை வகுத்தார்கள். முதலில் கூழாங்கற்களின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அடுத்து தனித்தனி முடிச்சுகள். மூன்றாவதில் முடிச்சுகள் ஒன்றாகி மண்ணின் துளைகளையே அடைத்துவிடும். நான்காவதில், கீழே இறங்க வழியில்லாத நீர் அடைப்பின்மேல் தேங்கி, மெல்லிய தகடுகளாகச் சுண்ணாம்பைப் படியவைக்கும். உடைந்து, மறுபடி ஒட்டி, உருண்டைகள் கோத்த ஐந்தாவது, ஆறாவது நிலைகளை மைக்கேல் மஷெட் 1985இல் சேர்த்தார். நெவாடாவின் மார்மன் மேசாவின் உச்சியை மூடியிருக்கும் சுக்கான் பாறை அந்த முதிர்ந்த நிலைக்குப் பேர்பெற்றது.

முதல் நிலைக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதும். நான்காவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் தேவைப்படலாம். ஆனால் கூழாங்கல் நிறைந்த மண்ணில் அடைக்க வேண்டிய இடம் குறைவு என்பதால் நிலைகள் சீக்கிரம் கடந்துவிடும். தூசு வரத்தும் இடத்துக்கு இடம் மாறும். எனவே நிலையை வைத்துச் சொல்வது ஒரு மதிப்பீடு. நாள் குறித்த சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்போ வெள்ளைச் சுண்ணாம்பு அடுக்கு கண்டா தொல்மண்ணுன்னு எழுதிடலாமா?

எழுதாதீர்கள். நிலத்தடி நீரும் ஓடும் வழியில் சுண்ணாம்பைப் படியவைக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய பள்ளத்தாக்குகளில் உள்ள சுக்கான் அப்படி வந்தது. யீலிரியில் அதற்குள் யுரேனியமும் இருக்கிறது. அதில் மண்படலம் இருக்காது, மேலே கூர்மை கீழே மங்கல் என்ற ஒழுங்கும் இருக்காது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் இரண்டுமே நுரைக்கும். ஆகவே அமிலச் சோதனை சுண்ணாம்பு இருப்பதைச் சொல்லும், அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாது.

ரெண்டு அடுக்குக்கு நடுவுல கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கே! கோடிக்கணக்கான வருஷம் திறந்து கிடந்திருந்தா மேடும் பள்ளமுமா இருக்கணுமே?

நியாயமான கேள்வி. முதலில், கோடு உண்மையிலேயே தட்டையா என்று பக்கவாட்டில் நடந்து பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன முவாவ், ரெட்வால் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் தட்டை. கிட்டே போனால், கிழக்குக் கிராண்ட் கேன்யனில் முவாவின் தலையில் 30 மீட்டர் வரை ஆழமான பழைய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. டெவோனியன் காலத்து டெம்பிள் பியூட் படிவு அவற்றை நிரப்பியிருக்கிறது. ரெட்வாலின் உச்சியிலும் இதே கதை: நூறு மீட்டருக்கும் ஆழமான பள்ளத்தாக்குகளும் சுண்ணாம்புக் குகைகளும் உருவாகி, சர்ப்ரைஸ் கேன்யன் படிவு அவற்றில் தங்கியிருக்கிறது. மாபெரும் முறிவில்கூட ஷினுமோ குவார்ட்சைட் என்ற கடினமான பாறையின் குன்றுகள் டபீட்ஸ் மணலுக்கு மேலே தலைநீட்டி, அந்த மணல் படிந்த கேம்பிரியன் காலத்துக் கடலில் தீவுகளாக நின்றிருக்கின்றன.

இரண்டாவது, சில பரப்புகள் தட்டையாக இருப்பதற்கே தனிக் காரணம் உண்டு. பாலையில் காற்று மணலை வாரிக்கொண்டே போகும், ஈர மணலைத் தொடும்வரை. ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றால் அதைத் தூக்க முடியாது. எனவே அரிப்பு நிலத்தடி நீர்மட்டத்தோடு நின்றுவிடும். நீர்மட்டம் ஏறக்குறைய சமமாக இருப்பதால் வெட்டிய தளமும் சமமாக இருக்கும். வில்லியம் லீ ஸ்டோக்ஸ் 1968இல் முன்வைத்த இந்த விளக்கத்தால் அத்தகைய தளங்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடல் அலையும் நீண்ட காலச் சிதைவும்கூட நிலத்தைத் தட்டையாக்க வல்லவை.

மூன்றாவது, தட்டையான தளத்திலும் திறந்து கிடந்த காலத்தின் தடயம் இருக்கும்: காற்று கொண்டுபோக முடியாமல் விட்டுச்சென்ற சிறு கற்கள், பலகோண வெடிப்புகள், வேர்த்தடங்கள், காற்று செதுக்கிய கற்கள். அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகே நவாஹோ மணற்பாறைக்கும் அதன் மேலுள்ள பேஜ் மணற்பாறைக்கும் நடுவே இருக்கும் தளத்தில் சிக்கிமுக்கிக் கற்களும் பலகோண வெடிப்புகளும் காணக் கிடைக்கின்றன. தட்டையாக இருப்பதை மட்டும் வைத்துக் "காலமே கழியவில்லை" என்று வாதிடுபவர்கள் இந்தத் தடயங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நவாஹோ மணற்பாறையில நூத்துக்கணக்கான கோடு இருக்கு. எல்லாமே முறிவா?

இல்லை. மணல்மேடு நகர்ந்தபடியே விட்ட சாய்வரிகள்தான் அவற்றில் பெரும்பாலானவை. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நிமிடங்களோ ஒரு பருவமோ கழிந்திருக்கலாம். ஒரு மேட்டின் அடியை அடுத்த மேடு வெட்டிக்கொண்டு போன கோடு அதைவிடப் பெரியது. அதுவும் பாலையின் அன்றாட வேலைதான். மணல் வரத்து நின்று மணற்கடல் முழுவதுமே அரிக்கப்பட்ட தளம்தான் முறிவு. அது பல கிலோமீட்டருக்குத் தொடர வேண்டும், எல்லா மணல்மேடுகளையும் ஒருசேர வெட்ட வேண்டும், மேலே சொன்ன தடயங்களைத் தாங்கியிருக்க வேண்டும். யூட்டாவின் சயன் தேசியப் பூங்காவில் நவாஹோவின் தடிமன் 600 மீட்டருக்கு மேல். அதில் ஒரு பாறைமுகத்தை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது.

எல்லா முறிவிலும் தொல்மண் இருக்கணும் இல்லையா?

இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மண்தான் முதலில் அரிபடும் பொருள். டபீட்ஸுக்குக் கீழே சில இடங்களில் சிதைந்து நொய்ந்த பழைய பாறை எஞ்சியிருக்கிறது. பல இடங்களில் கேம்பிரியன் கடலலை அதைக் கழுவிவிட்டது. பெரிய முறிவுகளில் மண் தப்புவது அரிது.

சின்லே போன்ற வெள்ளச் சமவெளியில் நேர்மாறு. ஒவ்வொரு வெள்ளமும் முந்தைய மண்ணைப் பத்திரமாக மூடிவிடும். அதனால் அங்கே பெரிய முறிவு ஒன்றுமில்லாமலே, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொல்மண்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு இடைவேளை. இவற்றைக் கூட்டினால், படிவு விழுந்த நேரத்தைவிட விழாத நேரம் மிக அதிகம் என்று தெரியவரும். ஜோசப் பேரல் 1917இலேயே இத்தகைய சிறு இடைவெளிகளை வலியுறுத்தினார். பீட்டர் சாட்லர் 1981இல் இதைக் கணக்காகக் காட்டினார்: எவ்வளவு நீண்ட காலத்தை அளக்கிறோமோ, சராசரிப் படிவு வேகம் அவ்வளவு குறைவாகத் தெரியும், ஏனெனில் இடைவெளிகளும் கணக்கில் வந்துவிடுகின்றன.

தொல்மண்ணை வச்சு அந்தக் காலத்து மழை அளவையே சொல்றாங்களே, நம்பலாமா?

இன்றைய மண்ணில், மழை கூடும்போது சுண்ணாம்புப் படலம் ஆழமாக இறங்குகிறது. இந்த உறவைப் பழைய மண்ணுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், தொல்மண்ணின் தலை அரிக்கப்பட்டிருந்தால் ஆழம் குறைவாகத் தெரியும். மேலே ஏறிய பாரத்தால் மண் அமுங்கியிருந்தாலும் அப்படியே. இரண்டையும் திருத்தாமல் தரும் எண்ணை நான் ஏற்கமாட்டேன். ஒரே பகுதியில் பல தொல்மண்களை ஒப்பிட்டு "காய்ந்துகொண்டே வந்தது" என்று போக்கைச் சொல்வது அதைவிட நம்பகமானது. சுக்கான் முடிச்சில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின்) விகிதத்தை வைத்துப் பழங்காலக் காற்றின் கார்பன் டை ஆக்சைடை மதிப்பிடும் வழியும் உண்டு. அதற்கும் ஒன்பதாம், பத்தாம் கேள்விகளின் எச்சரிக்கைகள் பொருந்தும்.

இத்தனை கோடி வருஷம் காணோம்னு எண்ணிக்கை எப்படிக் கிடைக்குது?

இடைவெளியை நேரடியாக அளக்க முடியாது. கீழ் அடுக்கின் வயதையும் மேல் அடுக்கின் வயதையும் கண்டுபிடித்துக் கழிக்கிறோம். எரிமலைச் சாம்பல் இருந்தால் அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவு வயதைத் தரும். சாம்பல் இல்லாவிட்டால் மணற்பாறைக்குள் வந்து விழுந்த சிர்கான்களில் மிக இளையதைத் தேடுவார்கள். பாறை அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. டபீட்ஸின் வயது 52 கோடி ஆண்டுக்கும் மேல் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. இந்தச் சிர்கான் முறைதான் அதை 51 கோடிக்கும் கீழே கொண்டுவந்தது. அதனால் பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் எண் மாறுபட்டால் பதற வேண்டாம்.

ஜே-1, ஜே-2ன்னு பேர் வச்சிருக்காங்களே, அது என்ன?

ஜுராசிக் கால முறிவுகளுக்கு வைத்த அடையாளம். பிபிரிங்கோஸ், ஓசல்லிவன் என்ற இருவர் 1978இல் மேற்கு அமெரிக்கா முழுவதும் தொடர்வதாகக் கருதிய முறிவுகளுக்கு எண் கொடுத்தார்கள். பேஜ் நகருக்கு அருகே உள்ளதாகச் சொன்ன தளம் ஜே-2. டிரயாசிக் முறிவுகளுக்கும் அப்படியே எண்கள் உண்டு. பேசுவதற்கு வசதியான ஏற்பாடு, ஆனால் எல்லாமே அவ்வளவு தூரம் ஒரே பரப்பாகத் தொடர்கின்றனவா என்பது பிற்கால ஆய்வில் கேள்விக்குள்ளானது. ஜே-0 அப்படிச் சந்தேகத்துக்கு உள்ளான ஒன்று.

நேரில் பார்க்கணும்னா எங்கே போறது?

கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் லிபன் முனையிலிருந்து, சாய்ந்த தொகுதிப் பாறைகளின் தலையை டபீட்ஸ் வெட்டியிருப்பதைக் காணலாம். தொலைநோக்கி இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் அமைத்த காலப்பாதையும் அதே விளிம்பில் இருக்கிறது. மாபெரும் முறிவைக் கையால் தொட வேண்டுமானால் ஆற்றுவழிப் பயணத்தில் பிளாக்டெய்ல் கேன்யன். ஆறு வேண்டாம் என்றால் லாஸ் வேகாஸை ஒட்டிய ஃபிரெஞ்ச்மன் மலை. தொல்மண்ணுக்குப் பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில் ப்ளூ மேசா பாதையை விட்டால் வேறில்லை.

மழைக்கு மறுநாள் போகாதீர்கள்; அங்குள்ள களிமண் ஈரத்தில் உப்பி வழுக்கும், காய்ந்த பிறகு மேற்பரப்பு பொரிந்து படலங்களை மறைத்துவிடும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வான வெயிலில் நிற வேறுபாடு நன்றாகத் தெரியும். தேசியப் பூங்காக்களில் கல்லோ மண்ணோ எடுப்பது சட்டப்படி குற்றம். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அடுக்கின் மேல்கோடும் கீழ்க்கோடும் இரண்டுமே படத்தில் விழட்டும். படத்தை அனுப்பி என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் நடுப்பகுதியை மட்டுமே எடுத்து வருகிறார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடிவதில்லை.